கோவம் வருது என்று சொல்லப் பழகிய வருடம்

பேக்கரியில் பாண் வாங்கப் போன என் தம்பி ஒருநாள் ஆட்டோடு திரும்பி வந்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம். உம்மா தேத்தண்ணியை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் பாணுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் தம்பி, அவன் மடியில் தலையைச் சாய்த்தபடி ஒரு வெள்ளைக் கிடாய்.

"யாருட ஆடுடா இது?" என்று கேட்டேன்.

"எங்கட."

குர்பானுக்கு விற்கக் கொண்டுபோன யாவாரியை வழியில் கண்டானாம். ஆடு இவனைத் திரும்பிப் பார்த்ததாம். கையில் பாணுக்குரிய காசுதான் இருந்தது. அதனால் ஆசை ஆசையாய் வாங்கிய புதுப் போனை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டை வாங்கி வந்திருந்தான்.

"பாண் எங்க மனே?" என்றார் உம்மா.

அவன் தலையில் கையை வைத்தான். பாணை அடியோடு மறந்துபோயிருந்தான். உம்மா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வாசற்படியில் இருந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்த ஆடு பெருநாளுக்கு அறுபடவில்லை. எங்கள் முருங்கையைத் தின்றது, கொடியில் காய்ந்த என் அபாயாவின் ஓரத்தைத் தின்றது, வளவு முழுக்க அதுதான் எசமான் என்பதுபோல நடந்து திரிந்தது.

தம்பிக்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும். ஆசை வந்தாலும் அப்படித்தான், கோபம் வந்தாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவனின் மூக்கை உடைத்துவிட்டு, அவனையே தன்னுடைய சைக்கிளில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய், அங்கே இவனும் சேர்ந்து அழுதவன். கிரிக்கெட்டில் கடைசி விக்கெட் விழுந்ததும் ரிமோட்டைச் சுவரில் எறிவான். பிறகு நிலத்தில் குந்தியிருந்து, உடைந்த துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டிருப்பான். அந்த முகத்தைப் பார்த்தால் ஏசவும் மனம் வராது.

அவன் என்னைவிட எட்டு வயது இளையவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வந்தவர் என் கணவர். நெல் யாவாரம் செய்கிறவர். ஒரு சோடிச் செருப்பு வாங்குவதென்றாலும் கல்முனை பசாரில் எல்லாக் கடையும் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போகிற மனிதர். அவரும் தம்பியும் ஒரு மேசையில் சாப்பிட இருந்தால், இவன் கை கழுவி எழும்பும்போது அவர் அப்போதுதான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒத்துவராது என்று பயந்திருந்தேன். அவர் வந்த முதல் கிழமையிலேயே இருவரும் ஒரே சைக்கிளில் கடற்கரைக்குப் போனார்கள்.

வாப்பா மௌத்தானபோது தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். காலையில் கடையைத் திறந்த வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வீட்டுக்கு மையித்தாகத்தான் வந்தார். குளிப்பாட்டும் நேரம் மகனைக் கூப்பிட்டார்கள். அவனைக் காணவில்லை. அறையிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை. சனமெல்லாம் தேடியது.

ஜனாஸாவை எடுக்கச் சற்று முன்னதாக ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மீனவர் ஒருவரின் மகன், தம்பியின் வயதுதான். முன்பாரில் தம்பி இருந்தான். உடம்பெல்லாம் ஈரம். கடலுக்குள் இறங்கி, கரை தெரியாத தூரத்துக்கு நீந்திக்கொண்டு போயிருக்கிறான். வலை இழுத்துவிட்டுத் திரும்பிய அந்தப் பொடியனின் தகப்பன் கண்டு, தோணியில் தூக்கிப் போட்டிருக்கிறார். யாருக்கும் எதையும் கேட்க நேரம் இருக்கவில்லை. தம்பி அதே ஈர உடுப்போடு சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். அந்தப் பொடியன் அடக்கம் முடியும்வரை மையவாடி மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று பிறகு சொன்னார்கள். அன்று தொடங்கிய சிநேகிதம். அவன் என்னை அக்கா என்றும் உம்மாவை உம்மா என்றும் கூப்பிடுவான். நல்ல பாரை பட்டால் முதல் மீன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

உம்மா, கைம்பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த பிறகும் வெளியே போக விரும்பவில்லை. கலியாண வீடு, மரண வீடு தவிர எங்கேயும் இல்லை. சில வருடங்கள் அப்படியே போயின. தம்பி படிப்பை விட்டுப் பசாரில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டு வந்தவன் எல்லாக் கதவையும் தட்டினான்.

"ஒழும்புங்க, ஒழும்புங்க. பொத்துவிலுக்குப் போவம்."

"பொத்துவில்ல யாருக்கு என்ன மனே?" உம்மா பதறிப்போனார்.

"யாருக்கும் ஒண்டுமில்ல உம்மா. அறுகம்பேயில காலச்சாப்பாடு சாப்பிடுவம்."

"வாற கிழம போனா என்ன?" என்று என் கணவர் கொட்டாவி விட்டார்.

"வாற கிழம எனக்கு இந்த ஆச இரிக்குமோ தெரியா மச்சான்."

வாசலில் யாரிடமோ இரவல் வாங்கிய ஓட்டோ நின்றது. அவன் ஓட்ட, பின்னால் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். அக்கரைப்பற்று தாண்டியதும் உம்மா முகத்தை வெளியே நீட்டிக் காற்றை வாங்கினார். திருக்கோவில் சந்தியில் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தான். கோமாரிப் பக்கம் எருமைகள் றோட்டை மறித்து நின்றபோது, அவற்றோடு வழக்குப் பேசினான். உம்மா அவ்வளவு கதைத்து நான் வாப்பாவுக்குப் பிறகு கேட்டதில்லை. தான் சின்னப்பிள்ளையாக வண்டிலில் வயலுக்குப் போன கதை, வண்டிலில் இருந்து விழுந்த கதை, எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது.

அறுகம்பேயில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்னக் கடையில் இருந்தோம். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் அலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி தேத்தண்ணி சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனான். போனவன் வரவில்லை. உம்மா பொறுக்கமுடியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தார். ஓர் அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு என் கையைப் பிடித்தார். பிறகு கையை விட்டுவிட்டு அடுத்த அலைக்காக அங்கேயே நின்றார்.

தம்பி ஓடிவந்தான். "ராத்தா, வேல கிடைச்சிரிக்கு."

"என்ன வேல? தேத்தண்ணி எங்க?"

கடைக்குப் பின்னால் இருந்த விருந்தினர் விடுதியில் ஆள் தேடுகிறார்களாம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேயாம். நாளைக்கே வரட்டாம். போன் கடை முதலாளிக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். "சொல்லுவம்" என்றான். கண்கள் அலையில் இருந்தன. தேத்தண்ணியை என் கணவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சுற்றுலா சீசன் முழுக்க அவன் சந்தோஷமாக இருந்தான். வெயிலில் கறுத்து, உப்பில் தலைமயிர் செம்பட்டையாகி, தோள் அகன்றிருந்தான். லீவில் வந்தால் வீடு நிறைந்துவிடும். விடுதிக்கு வருகிறவர்கள் நடப்பது போல நடந்து காட்டுவான். தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்துவிட்டு அவர்கள் ஓடுவது போல ஓடுவான். கதிரையில் ஏறி நின்று அலையில் எப்படி நிற்பது என்று காட்டி, கதிரையோடு விழுவான். அயலில் உள்ள பிள்ளைகள் யன்னலில் தொங்குவார்கள். அவன் பஸ் ஏறிப் போனால் வீடு ஒரு சுற்றுச் சிறுத்தது போல இருக்கும்.

இரண்டாவது சீசனில் கராம்பு சப்பத் தொடங்கினான். கதைக்கும்போதெல்லாம் வாயில் கராம்பு வாசம். பல்லுக்கு நல்லதாம். எங்கள் வீட்டில் அந்த மற்ற வாசத்தை ஒருவரும் அறிந்ததில்லை. அதனால் எதுவும் விளங்கவில்லை. ஆளும் மாறிக்கொண்டு வந்தான். முன்பு கோபம் வந்தால் உடைத்துவிட்டு அழுவான். இப்போது உடைப்பான், அழுவதில்லை. புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

எங்கள் ஊரில் சாராயக்கடை கிடையாது. வேறு ஊர்க் கடைக்குப் போகிற எங்கள் பொடியன்மார் உள்ளே போனாலும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார்கள் என்று சிரிப்புக்குச் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்த ஹெல்மெட்டுகளில் ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

சொன்னவன் அந்த மீனவச் சிநேகிதன். மீன் கொண்டுவந்தவன் பையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அக்கா, நான் சொல்லக்கூடாது. ஆனா சொல்லத்தான் வேணும். அவன் குடிக்கிறான்."

நான் மீன் பையைக் கீழே வைத்தேன்.

"மனசு சரியில்லாட்டியும் குடிக்கிறான். சந்தோசமா இருந்தாலும் குடிக்கிறான். எதையாவது மனசில வச்சுக்கொண்டு சும்மா இருக்க அவனால ஏலாது அக்கா. எங்கட அப்பாவும் ஒரு காலம் அப்படித்தான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நான் தொடுறதில்ல, சத்தியமா."

"சத்தியம் பண்ணத் தேவயில்ல தம்பி" என்றேன்.

உம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று நானும் கணவரும் யோசித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. உடுப்புத் துவைக்கிறவர் உம்மா அல்லவா? அடுத்த முறை அவன் வந்தபோது பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவினார். குடி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை.

"அந்தச் சாமான விட்டுடு மனே. அல்லாஹ்வுக்காக விட்டுடு."

அவன் அழுதான். உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "இனித் தொடவே மாட்டன் உம்மா" என்றான். அவன் பொய் சொன்னான் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. சொன்ன நேரத்தில் அதுதான் அவனுக்கு உண்மை. அடுத்த ஆசை வரும்வரைக்கும் உண்மை.

கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று உம்மா நம்பினார். ஒரு நல்ல இடம் வந்தது. பெண்ணின் தாயும் பெரியம்மாவும் ஒரு பின்னேரம் பலகாரத் தட்டுகளோடு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். தம்பி அறுகம்பேயில் வேலை என்று சொல்லியிருந்தோம். நல்ல விரிப்பு விரித்து, வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அன்று காலை விடுதி முதலாளி எல்லாருக்கும் முன்னால் இவனை ஏதோ சொல்லியிருக்கிறார். வேலையை அந்த இடத்திலேயே விட்டெறிந்துவிட்டு, குடித்துவிட்டு, உச்சி வெயிலில் அவ்வளவு தூரமும் ஓட்டி வந்திருக்கிறான். உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். ஹெல்மெட்டோடு வீட்டுக்குள் வந்தவன், விரிப்பில் இருந்த பெண்களைக் கண்டு அப்படியே நின்றான். யார் என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றியதும் அந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது.

"மாமி, உங்கட புள்ளைக்கு நான் சரிவரமாட்டன்" என்றான் மிகவும் மரியாதையாக. "நல்ல புள்ளயெண்டு கேள்விப்பட்டன். பாவம் மாமி."

பின்பக்கம் ஓடிப்போய்க் கிணற்றடியில் சத்தி எடுத்தான். அந்தச் சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்டது. பெண்ணின் தாய் எழும்பி, முந்தானையைச் சரிசெய்து, உம்மாவின் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனார். ஏசவில்லை, ஊரிலும் கதைக்கவில்லை. அந்த மனுசியை நான் இன்றும் துஆவில் நினைக்கிறேன்.

நாங்கள் யாரும் அவனோடு கதைக்கவில்லை. அவனும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். ஆடு மட்டும் யன்னலுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலை என் கணவர், எதையும் உடனே முடிவெடுக்காத மனிதர், சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவம். அங்க இதுக்கும் ஒரு கிளினிக் இரிக்காம். விசாரிச்சன்."

"ஆக்கள் கண்டா மச்சான்?"

"பல்லுக் காட்ட வந்த எண்டு சொல்லுவம். நீதான் கராம்பு சப்புற ஆளாச்சே."

அறைக்குள் இருந்து சிரிப்பும் அழுகையும் சேர்ந்த ஒரு சத்தம் வந்தது. இருவரும் போனார்கள். பிறகும் போனார்கள். நெல் அறுவடைக் காலத்தில்கூட என் கணவர் லொறியை நிறுத்திவைத்துவிட்டு அவனோடு கிளினிக் வாங்குப் பலகையில் இருந்தார். டொக்டர் மருந்து கொடுத்தார். அதைவிட அங்கே ஆலோசனை சொல்கிற மிஸ் ஒருவர், தம்பியைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும், ஒரு வேலை கொடுத்தார். மனதில் எது எழும்பினாலும் முதலில் அதன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை கையும் காலும் எதையும் செய்யக்கூடாது. வீட்டில் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், புத்தி சொல்லக்கூடாது.

"இதென்ன விசர் வேல" என்றான் வீட்டுக்கு வந்து.

அன்றோ அடுத்த நாளோ, சமைத்துக்கொண்டிருக்கும்போது காஸ் முடிந்துவிட்டது. புதுச் சிலிண்டரை மாட்ட வந்தான். ரெகுலேட்டர் பூட்டு இறங்கவில்லை. திருகினான், தட்டினான், முகம் சிவந்தது. கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ராத்தா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்குக் கோவம் வருது."

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "எவ்வளவு வருது?" என்றேன்.

"சட்டி உடைக்கிற அளவு."

"எந்தச் சட்டி?"

அவன் அடுக்கிவைத்த சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நேரம் எடுத்துத்தான் பார்த்தான். "அந்த வாய் உடஞ்ச சட்டி" என்றான். அதற்குள் கோபம் இறங்கியிருந்தது. இருவரும் சிரித்தோம். சிலிண்டரைக் கழற்றி மறுபடி வைத்தபோது பூட்டு தானாகவே விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் இளகும். வீட்டில் எந்த மூலையிலிருந்தும் அறிவித்தல் வரும். "ராத்தா, எனக்கு வெக்கமா இரிக்கு." "உம்மா, எனக்கு அந்தச் சாமான் நெனப்பு வருது." அந்தச் சொல்லை உம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டிருந்தான். அப்படிச் சொன்னால் உம்மா உடனே கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருப்பார். இடியப்ப உரலைக் கொடுத்துப் பிழியச் சொல்வார். அந்த வருடம் நாங்கள் சாப்பிட்ட இடியப்பம் போல ஒரு வருடமும் சாப்பிட்டதில்லை.

பழக்கம் எல்லாருக்கும் தொற்றியது. சோறு தின்னும்போது ஒருநாள் என் கணவர் கையை நிறுத்தி, "எனக்கும் ஒண்டு வருது" என்றார்.

"என்ன மச்சான்?" தம்பி ஆவலாகக் கேட்டான்.

அவர் ஒரு பிடி சோற்றை உருட்டினார். "தெரியல்ல. பாத்துச் சொல்றன்."

மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "நேத்துச் சொன்னனே, அது கவல. நெல்லு நனஞ்சி போயிட்டு" என்றார். தம்பிக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

உம்மாவின் முறை ஒரு மழைநாளில் வந்தது. உம்மாவும் தம்பியும் நானும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். உம்மா தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு உங்கட வாப்பா நெனப்பு வருது."

வாப்பா போன பிறகு அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. எங்களுக்காகத்தான் சொல்லாமல் இருந்தார் போலும். தம்பி கத்தியை வைத்தான்.

"எனக்கும் வரும் உம்மா" என்றான். "அண்டைக்கு நான் நீந்தப் போகல்ல. குளிப்பாட்டக் கூப்பிட்டாங்க. உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு எழும்பிச்சு. எங்கயாவது போகோணும் எண்டு இரிந்திச்சு. கால் கடலுக்குப் போயிட்டு. இஞ்ச இரிந்து அழலாம் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

உம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் அழுதோம். வெங்காயம் நல்ல சாட்டாக இருந்தது.

எல்லாம் அப்படியே நேராகப் போகவில்லை. ஆடு எங்கேயோ பொலித்தீனைத் தின்று, வயிறு ஊதி, ஒரு காலையில் செத்துப்போனது. தம்பி மதிலோரம் தானே குழி தோண்டிப் புதைத்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வருகிறது என்று அவன் சொல்லவில்லை. கை கால் கழுவினான், ஹெல்மெட்டை எடுத்தான், போனான். உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்தார். மஃரிபுத் தொழுகைக்கு முன் வந்தான், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நடந்து. கராம்பு வாசம் இல்லை. கேற்றுக்கு வெளியிலேயே நின்றான்.

"ராத்தா, குடிச்சிட்டன்" என்றான்.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா எழும்பிப்போய்க் கேற்றைத் திறந்தார். "நடந்து வந்தியே, அது போதும். உள்ள வா மனே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவன் தனியாகக் கிளினிக்குக்குப் போனான். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை விழுந்தான். ஒவ்வொரு முறையும் வந்து சொன்னான். பிறகு சொல்ல எதுவும் இல்லாத மாதங்கள் வந்தன.

ஏசி, குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற ஒருவரோடு வேலைக்குச் சேர்ந்தான். நின்று நிதானித்துச் செய்ய வேண்டிய வேலை. அவனால் ஏலாது என்று நினைத்தோம், ஆனால் பிடித்துக்கொண்டான். அக்கரைப்பற்றில் இருந்து ஒரு சம்மந்தம் வந்தபோது, பெண்ணோடு ஒருதரம் கதைக்க வேண்டும் என்றான். என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னான், கிணற்றடி உட்பட. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"இப்பவும் அந்த நெனப்பு வருமா?"

"வரும்" என்றான். "வந்தா உங்களுக்குச் சொல்லுவன்."

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லுவான் புள்ள. எங்களுக்குக் காது வலிக்கச் சொன்னவன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கலியாணம் முற்றாகியது.

இப்போது அவன் அக்கரைப்பற்றில் மனைவி வீட்டில் இருக்கிறான். சொந்தமாகத் திருத்துகிற கடை. ஒரு பெண் குழந்தை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து உம்மாவைப் பார்க்க வருவான். கேற்றைச் சத்தமில்லாமல் திறப்பான். ஏதாவது கேட்டால், பதில் சொல்ல முன்னர் கொஞ்சம் நிறுத்துவான். அந்தச் சின்ன இடைவெளியில் அவனுடைய கண் எங்கேயோ உள்ளே போய்விட்டு வரும். என் கணவரும் அவனும் இப்போது ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடிக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், இதைத்தானே கேட்டு அழுதோம். ஆனாலும் சில வேளை, பின்னேரத் தேத்தண்ணி ஊற்றும்போது, எதற்கென்று தெரியாமல் வாசலைப் பார்க்கிறேன். கதிரையில் ஏறி விழுகிற பொடியன் ஒருவன் இந்த வீட்டில் இருந்தான். அவன் மௌத்தாகவில்லை, நல்லபடியாக இருக்கிறான். ஆனால் அவனை என் மனம் தேடுகிறது. இதை யாரிடம் சொல்வது? நன்றி கெட்ட கதை போல இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அவனிடமே சொன்னேன். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எனக்கு ஒண்டு வருது."

கையை நிறுத்தினான். "சொல்லுங்க ராத்தா."

"உன்ன முந்தி மாதிரிப் பாக்க ஆசயா இரிக்கு."

துணியால் விரல்களைத் துடைத்தான். பிறகு சின்னதாகச் சிரித்தான்.

"எனக்கும் சில நேரம் அவனத் தேடும் ராத்தா. நல்ல பொடியன்தான். ஆனா அவனோட எனக்குக் குடியிரிக்க ஏலாமப் போச்சு."

உம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பாரை மீன் ஆணம், முருங்கைக்கீரைச் சுண்டல். தம்பி மறுசோறு போட்டுச் சாப்பிட்டான். அவன் புறப்படும்போது கடல்பக்கம் இருட்டி மழை கொட்டத் தொடங்கியது. நின்று போ என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். மழை விடும்வரை உம்மாவும் என் கணவரும் சேர்ந்து நால்வரும் முன்வாசலில் இருந்து, வளவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.